லாரியில் வந்த செம்மண்

நான் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதம்மா. எங்க வீட்டுக்காரர் சொன்னால் வரிசையாகச் சொல்வார். நான் ஏழாவதோடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பின்னால் நடந்ததை நடுவில் செருகுவேன். "நீ சொல்லி ஒருத்தன் வீடு கட்டுனா, வாசப்படி கூரையில இருக்கும்" என்று அவர் கேலி பேசுவார். ஆனால் உன் மடியில் அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை.

மனை பார்க்கத்தானே போகிறாய்? கயத்தாறில் இறங்க வேண்டுமா? வீட்டுக்காரர் அங்கே நிற்பாரா? சரி சரி. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லையே? அப்பா, இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் மகள் கோமதி வயதுதான் உனக்கும். அந்த பஸ் ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடு. காற்றுச் சத்தத்தில் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை.

இதே மாதிரி நோட்டீஸ்தான் எங்களுக்கும் கொடுத்தார்கள். பச்சைப் புல்லு, பலூன் பிடித்து ஓடுகிற பிள்ளை, பின்னால் ஒரு மலை. கோவில்பட்டியில் எங்கேயம்மா அப்படி ஒரு மலை இருக்கிறது? அப்போது அது தோன்றவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். அங்கே மண் செக்கச்செவேல் என்று இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும், மண் அது பாட்டுக்குக் கிடக்கும். வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் அசையும் என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். எங்க வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டி மில்லில் ஃபிட்டர் வேலை. அதற்காக வந்தவர்கள் வாடகை வீடு, வாடகை வீடு என்றே காலத்தை ஓட்டினோம். கோமதிக்குக் கல்யாணம் செய்து கொடுத்ததும் வாடகை வீட்டிலிருந்துதான். சம்பந்தியம்மா திருநெல்வேலிக்காரி. வந்தாள், உட்கார்ந்தாள், அண்ணாந்து பார்த்தாள். "மதினி, தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையை எங்க வச்சுப் பார்ப்பீக? இந்த ஒத்த ரூம்லயா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வார்த்தைதானம்மா. மகள் பிள்ளை பெற வருவதற்குள் அவளைப் படுக்க வைக்கத் தனி ரூம் உள்ள வீடு வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

மனை விற்கிற கம்பெனிக்காரர்கள் வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். இறங்கிப் பார்க்கிறேன், மஞ்சள் பெயின்ட் அடித்த கல், கலர் கலராகக் கொடி, தரை முழுக்கச் செம்மண்! சுற்றிலும் கரிசல் காடு கறுப்பாகக் கிடக்கிறது, நடுவில் இந்த இடம் மட்டும் குங்குமம் கொட்டின மாதிரி. "பார்த்தீங்களா, நம்ம ஊர் மண்ணு" என்று நான் இவர் கையைப் பிடித்தேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. அங்கே நின்ற கம்பெனித் தம்பியும், "ஆமாம்மா, உங்க அதிர்ஷ்டம், இது மட்டும் தனி மண்ணு" என்றான்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. இடம் வாங்குவதற்கு முன்னால் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் எங்கள் குலசாமி சாஸ்தா முன்னால் வைத்துப் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. நான் குனிந்து நல்ல இடமாகப் பார்த்து அள்ளினேன். முந்தானையில் முடியப் போனேன். "சேலை அழுக்காகிரும்மா" என்று அந்தத் தம்பி ஒரு கேரிபேக் கொடுத்தான். எவ்வளவு நல்ல பையன் பார். சாஸ்தா கோயிலில் வைத்தோம். வெள்ளை வந்தது. இவருக்குக் கொஞ்சம் சந்தேகம், இன்னொரு தடவை போடச் சொன்னார். பூசாரி முறைத்தார். மறுபடியும் வெள்ளை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

மனையைப் பதிந்து, அஸ்திவாரம் தோண்டின அன்றைக்குத்தான் தெரிந்தது. மண்வெட்டி முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. சிவப்பு முடிந்தது. கீழே கறுப்பு. தோண்டத் தோண்டக் கறுப்பு. செம்மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து மேலே பரப்பியிருக்கிறார்கள். ரொட்டிக்கு ஜாம் தடவின மாதிரி.

கொத்தனார் ஜெபராஜிடம் ஓடினேன். "மேஸ்திரி, கீழ கரிசலாக் கெடக்கே?"

"கோவில்பட்டியில கரிசல் கெடக்காம கற்கண்டா கெடக்கும்?" என்றார் அவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இவரிடம் விளக்கிச் சொன்னார். "அண்ணாச்சி, கரிசலுக்கு ரெண்டு வழி. அடியில கெட்டியா சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் தோண்டி அதுல கால ஊணலாம். அது ஆழமாப் போகும், செலவு இழுக்கும். இல்லன்னா கிராவல் போட்டு இடிச்சு, இருக்குற ஆழத்துலயே கட்டலாம். நான் கட்டாத கரிசலா? உங்க இஷ்டம்."

இவர் என்னைப் பார்த்தார். வாசலுக்குத் தேக்கு நிலையும் கதவும் சொல்லி வைத்திருந்தோம். ஆழத்துக்குப் போனால் தேக்கு கிடையாது, வேப்பமரக் கதவுதான். "மண்ணுக்குள்ள போடுறத எவன் பார்க்கப் போறான்? வாசல்ல போடுறதத்தான் நாலு பேர் பார்ப்பான்" என்றார். தேக்குக் கதவு நான் கேட்டதுதான். இல்லை என்று சொல்லவில்லை. சம்பந்தி வருகிற வீட்டில் நல்ல கதவு கேட்பது ஒரு தப்பா? நீயே சொல்லு.

வீடு எழும்பிவிட்டது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு என் ஓரகத்தி சண்முகத்தாய் வந்தாள். எங்க வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. அவள் கதையைச் சொன்னால் இந்த பஸ் நாகர்கோவில் போய்விடும். அவள் வீட்டுக்குள் எல்லா இடத்தையும் சுற்றினாள். கடைசியில் பின்பக்க ரூமில் போய் நின்றாள். கோமதிக்கென்று கட்டின ரூம். சுவரைக் கையால் தடவினாள். தடவினாளம்மா, நான் பார்த்தேன். "அக்கா, அம்சமா இருக்கு. இதுக்குள்ள ஒரு பிள்ளை படுத்தா எந்திரிக்கவே மனசு வராது" என்றாள். யாராவது இப்படிச் சொல்வார்களா? கண் பட்டுவிட்டது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டாளா? சும்மா வரக்கூடாதென்று வாழைக் கன்று கொண்டுவந்திருந்தாள். நல்ல நாளில் வந்ததைத் தூக்கிப் போட முடியுமா? அந்த ரூம் சுவரோரமாக, ஜன்னலுக்குக் கீழே வைத்தேன்.

வைத்தால் வளர்க்க வேண்டும் இல்லையா? துவைக்கிற கல்லையே அந்தப் பக்கம் போடச் சொன்னேன். அடுப்படித் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், எல்லாம் ஒரு வாய்க்காலாகப் போய் வாழைக்குச் சேரும். ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன். தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். வாழை கன்றாகப் போட்டுத் தள்ளியது. சுவரோரம் எப்போதும் சில்லென்று ஈரமாக இருக்கும். அந்தத் தெருவிலேயே பச்சை உள்ள வீடு எங்கள் வீடுதான்.

எதிர்வீடு ஜெயக்கொடியுடையது. டெய்லர். எங்களுக்கு முன்னாலேயே அங்கே கட்டி வந்தவள். அவள் வீட்டைப் பார்த்தால் மொட்டையடித்த மாதிரி இருக்கும். சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு வெளிப்பக்கமாகச் சரித்துவிட்டிருப்பாள். சுவரோரம் ஒரு புல் கிடையாது. என் வாழையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் ஒரு மாதிரியாகும். ஒருநாள் கேட்டே விட்டாள். "கனியக்கா, செவத்த ஒட்டித் தண்ணி விடாதீங்க. இந்த மண்ணு தண்ணி குடிச்சா வீங்கும்."

என் பெயர் மாரிக்கனி. அவள் கனியக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க வீட்டுத் தண்ணியவா விடுதேன்?" என்றேன். மனசில் எரிச்சல் இருந்தால் அப்படித்தானே வார்த்தை வரும், அவளுக்கு.

அவள் கோபப்படவில்லை. குனிந்து, வாழைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கட்டியை எடுத்தாள். என் துவைக்கிற கல்லில் வைத்து உருட்டினாள். நீளமாகத் திரித்தாள். அப்புறம் சுற்றினாள் பார், முறுக்கு! கைமுறுக்கு மாதிரி வட்டமாகச் சுற்றி வைத்தாள், ஓரிடத்தில் விரிசல் கிடையாது. அப்புறம் முன்வாசலிலிருந்து அந்த லாரிச் செம்மண்ணை அள்ளி நனைத்து உருட்டினாள். அது புட்டு மாதிரி உதிர்ந்தது.

"உதிருற மண்ணு கெடந்த எடத்துல கெடக்கும்க்கா. முறுக்கு சுத்த வர்ற மண்ணு சும்மா இருக்காது. மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். மூச்சு விடுத மாதிரி. நாம அது முதுகுலதான் வீட்ட வச்சிருக்கோம். ஒரு பக்கம் மட்டும் தண்ணி குடிச்சா அந்தப் பக்கம் மட்டும் தூக்கும். எங்க வீட்டுல மொதல்ல எங்க மாமியார் கருவேப்பிலை வச்சிருந்தாங்க. ஹால் செவரு ரெண்டாப் போச்சு. அப்புறந்தான் இந்தத் தளம் போட்டோம்."

பேசத் தெரிந்தவள். நான் அந்த முறுக்கை வெயிலில் அப்படியே விட்டுவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் துண்டு துண்டாக வெடித்துக் கிடந்தது. இவரிடம் காட்டினேன். இவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏளா, சாஸ்தாகிட்ட நீ கொண்டுபோய் வச்சது எந்த மண்ணு? மேல கெடந்த லாரி மண்ணு. அவர் அதப் பார்த்து நல்ல மண்ணுன்னு சொல்லிட்டார். எந்தக் குவாரியோ, அந்தக் குவாரிக்கு நம்ம சாஸ்தா அனுமதி கொடுத்திருக்கார்."

சாமி விஷயத்தில் இப்படிப் பேசலாமா? ஆனால் ஒன்று, சாமி பொய் சொல்லவில்லை பார்த்தாயா. வைத்த மண்ணுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

விரிசல் எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. முதலில் தலைமுடி மாதிரி இருந்தது. பின்பக்க ரூமில், ஜன்னல் மூலையிலிருந்து மேலே, படி படியாக. சிலந்தி நூல் என்று துடைப்பத்தால் தட்டினேன். போகவில்லை. அப்புறம் ஊசி நுழைந்தது. அப்புறம் காசு நின்றது. கோமதிக்கு வளைகாப்பு நாள் குறித்தபோது என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. அந்த ரூம் கதவும் இடிக்க ஆரம்பித்தது. சாத்தினால் திறக்க ஒரு இழு, திறந்தால் சாத்த ஒரு தள்ளு. சண்முகத்தாய் கையால் தடவின அதே இடம் அம்மா. ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை.

பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். எலுமிச்சம்பழம் கட்டினேன். ஜெபராஜ் வந்து பட்டி வைத்துப் பூசிவிட்டுப் போனார். "மழை பெய்ஞ்சு செட்டாகட்டும்க்கா" என்றார். மழை பெய்தது. பட்டியைத் துப்பிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது.

வளைகாப்புக்குச் சம்பந்தி வருகிறாள். என்ன செய்ய? பெரிய காலண்டராகப் பார்த்து அதன் மேல் மாட்டினேன். சம்பந்தி வந்தாள், அந்த ரூமைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். தலைக்கு நேர் மேலே காலண்டர். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி வெளியே வந்தது. பாதி உடம்பு வெளியே, பாதி சுவருக்குள். "என்ன மதினி, பல்லிக்கும் தனி ரூம் கட்டியிருக்கீக போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ரூமுக்குத்தான் கூட்டிவந்தேன். வேறு எந்த ரூமில் வைக்க? ஹாலில் படுக்கப் போட்டால் சம்பந்தி வீட்டார் கேட்க மாட்டார்களா? மழை விடாமல் பெய்தது. கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கோமதி, "ஏம்மா தினமும் கட்டில் நகருது?" என்று கேட்டாள். "பெருக்க வசதியா இருக்கட்டும்டீ" என்றேன். குழந்தைக்குத் திருஷ்டி, சுவருக்குத் திருஷ்டி என்று இரண்டு தடவையாகச் சுற்றிப் போட்டேன். காலையில் எழுந்ததும் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பேன். அது என்ன வாழ்க்கை சொல்லு. தூங்கினால் சுவர், விழித்தால் சுவர்.

அன்றைக்குக் காலையில் தூறல். இவர் மில்லுக்குப் போய்விட்டார். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்று ரூம் கதவை நான்தான் நன்றாக அழுத்திச் சாத்தினேன். லேசில் சாத்தவில்லை, தோள் கொடுத்துச் சாத்தினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்கு மேலே ஷீட் உண்டு, நனையாது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றுகிறேன். இரண்டு அண்டாத் தண்ணீர், பிள்ளை குளிக்க அது வேண்டும்தானே? தண்ணீர் சலசலவென்று வாழைப் பக்கம் ஓடுகிறது.

டப் என்று ஒரு சத்தம்.

பாக்கு வெட்டின மாதிரி. அப்புறம் இன்னொன்று. உள்ளேயிருந்து கோமதி, "அம்மா, செவரு கத்துதும்மா" என்றாள்.

"வெளிய வாட்டி!"

கதவு ஆடுகிற சத்தம். "வரலம்மா! கதவு வரல!"

குழந்தை காலில் கிடக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு, பிடித்தால் வழுக்குகிறது. கண்ணில் சோப்பு போய் அது வீறிடுகிறது. ஈரத்தோடு அப்படியே மாரோடு அள்ளிக்கொண்டு ஓடினேன். கதவை இழுத்தேன். நகரவில்லை. நிலை ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் அமுங்கி, கதவைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் குழந்தை. ஒரு கையால் எவ்வளவு இழுக்க முடியும்? கீழே போடவும் மனசில்லை, தரையும் சில்லிட்டிருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி. உள்ளே மண் உதிர்கிற சத்தம் கேட்கிறது, பொலபொலவென்று. "அம்மா, காலண்டர் விழுந்துட்டும்மா. அதுக்குப் பின்னால வெளிச்சம் தெரியுதும்மா" என்கிறாள். சுவருக்குள் வெளிச்சம்! என் மகள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உள்ளே நிற்கிறாள்.

"ஜெயக்கொடி! ஏ ஜெயக்கொடி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. அவள் தையல் மிஷினை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கழுத்தில் டேப் தொங்குகிறது. கதவை ஒரு பார்வை பார்த்தாள், திரும்பி ஓடினாள். விட்டுவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். கடப்பாரையோடு வந்தாள்.

"கோமதி, கட்டில் பக்கம் நிக்காத. கதவுக்கு நேராவும் நிக்காத. உள்பக்க மூலைக்கு வா. வந்துட்டியா?"

"வந்துட்டேன் அத்தை."

"கண்ண மூடிக்கோ."

நிலைக்கும் கதவுக்கும் நடுவில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். மரம் கீச்சென்று கத்தியது. மறுபடி நெம்பினாள். தாழ்ப்பாள் தெறித்து என் காலில் விழுந்தது. கதவு பாதி திறந்தது, அதற்கு மேல் வரவில்லை. கோமதி உடம்பை ஒடுக்கி அந்தச் சந்து வழியாக வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பம்மா அது. அவள் சேலையைப் பிடித்து நான் இழுத்தேன், ஜெயக்கொடி தோளைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் ஹாலில் விழுந்தோம். குழந்தை என் மேல் கிடந்து கத்துகிறது.

நாங்கள் எழுந்திருப்பதற்குள் உள்ளே விழுந்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த பூச்சும் நாலைந்து செங்கலும். தலையணை மேல். குழந்தைக்கென்று இலவம்பஞ்சு வைத்து நான் தைத்த சின்னத் தலையணை. தூசி அடங்கின பிறகு பார்த்தால் அதன் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

ஜெயக்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "கனியக்கா, மொதல்ல அந்த வாழைய எடுங்க."

நானும் அதையேதான் நினைத்தேன்! அவளுக்கே தோன்றிவிட்டது பார். தூறலோடு தூறலாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வாழையின் தூரில் மண் அல்வா மாதிரி இருந்தது. கால் கணுக்கால் வரைக்கும் இறங்கியது. சண்முகத்தாய் கொண்டுவந்தது ஒன்று, அது போட்ட கன்றுகள், கிழங்கோடு ஒன்று விடாமல் தோண்டித் தெருமுனையில் கொண்டுபோய் எறிந்தேன். அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூட ஆகாது என்று துவைக்கிற கல்லையும் இவரைப் பெயர்த்து எடுக்கச் சொன்னேன். ஜெயக்கொடி பின்னாலேயே நின்று, வாய்க்காலை அடைத்துக் குழாய் போட்டுத் தண்ணீரைத் தெருவாய்க்காலுக்கு விடச் சொன்னாள். சரி, கூடமாட ஒத்தாசை செய்தவள் சொல்கிறாள் என்று அதையும் செய்தோம்.

சொன்னால் நம்ப மாட்டாய். அதோடு விரிசல் நின்றுவிட்டது! ஜெபராஜ் வந்து மேல் சுவரைப் பிரித்து, கம்பி கொடுத்துக் கட்டினார். மழை போய் வெயில் வந்தது, அதற்கப்புறம் ஒரு முடிகூட அசையவில்லை. இவர், "தண்ணிய நிப்பாட்டுனோம், நின்னுருச்சு" என்கிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண்ணைப் பிடுங்கி எறிந்தது யார் என்று எனக்குத்தான் தெரியும்.

வீடு வெறிச்சென்று இருக்கக்கூடாதென்று வாசல் பக்கச் சுவரோரம் ஒரு மல்லிகை வைத்திருக்கிறேன். யார் கொடுத்ததும் இல்லை, நானே நர்சரியில் போய் வாங்கினது. காலையும் மாலையும் ஒரு குடம் ஊற்றுகிறேன். என்னமாய்ப் பூக்கிறது தெரியுமா. அந்த மல்லிகைப் பக்கச் சுவரில் இப்போது லேசாக ஒரு கோடு மாதிரித் தெரிகிறது. நூல் மாதிரி. அது பெயின்ட் வெடிப்பு. இந்த வருஷம் வெயில் அப்படி.

கயத்தாறு போர்டு வந்துவிட்டதா? இரு, முக்கியமானதைச் சொல்லவில்லை. இதற்குத்தான் சொன்னேன், எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. போன உடனே மேலே கிடக்கிற மண்ணைப் பார்த்து மயங்காதே. உன் கை முழுசும் உள்ளே போகிற மாதிரி ஒரு குழி தோண்டச் சொல்லு. அடிமண்ணை எடுத்து நனைத்து உருட்டிப் பார். முறுக்கு சுற்ற வந்தால் கொத்தனாரிடம் ஆழத்தைப் பேசு, கதவைப் பேசாதே. மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போ. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தால் குடித்துக்கொண்டே அவள் சுவரைப் பார். காலண்டர் மாட்டக்கூடாத இடத்தில் மாட்டியிருந்தால் தூக்கிப் பார்த்துவிடு. சாமியிடம் வைப்பதாக இருந்தால் அந்த அடிமண்ணை வை.

நானா? நான் திருநெல்வேலிக்கு, கோமதி வீட்டுக்குத்தான் போகிறேன். அன்றைக்கு நடந்ததைக் கேட்டு சம்பந்தியம்மா வந்து மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனவள்தான். "கதவு தொறக்குற வீடாக் கட்டிட்டுச் சொல்லுங்க மதினி, அனுப்பி வைக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாம். போனில்தான் பார்க்கிறேன்.

படுத்துப் படுத்து யோசித்தேன். மண்ணை மாற்ற முடியாது. வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகவும் முடியாது. போன வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு எல்லாக் கதவையும் கழற்றச் சொல்லிவிட்டேன். ஆமாம்மா, எல்லாக் கதவையும். பின்பக்க ரூம், அடுப்படி, சாமி ரூம், எல்லாவற்றுக்கும் இப்போது துணித் திரைதான். வாசல் தேக்குக் கதவுகூட மொட்டைமாடியில் செங்கல் மேல் படுத்திருக்கிறது. அதன் மேல் வடகம் காயப் போட்டிருக்கிறேன், நன்றாகக் காய்கிறது. "திருடன் வந்தா என்னளா செய்வ?" என்று இவர் கத்தினார். "வரட்டும். அவனாவது வெளிய போக வழி இருக்கும்" என்றேன். இன்றைக்கு நேரே போய்ச் சம்பந்தியிடம் சொல்லப் போகிறேன், எங்கள் வீட்டில் திறக்காத கதவு ஒன்றுகூட இல்லை, பிள்ளையை அனுப்புங்கள் என்று.

இறங்கு இறங்கு, பார்த்து இறங்கு. குளிக்கிற ரூமா? அதற்கு மட்டும் பிளாஸ்டிக் கதவு மாட்டியிருக்கிறேன். அது ஒன்றும் பயமில்லை. கடையிலேயே எல்லார் முன்னாலும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.